ஆறங்குல உயரத்திலிருந்து

"பின்பக்கத்தைத் தூக்கு. ஆறங்குலம் போதும். விடு."

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த வாடகை சைக்கிள் கடையில் நான் கற்ற முதல் வேலை இதுதான். சைக்கிள் தரையில் விழுந்து ஒரு துள்ளு துள்ளி நிற்கும். "கேட்டோடா?" என்பார் கடைக்காரர் இக்கா. எனக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டிருக்கும். அவருக்கு மக்கார்டுத் திருகு தனியாக, செயின் கவர் தனியாக, கேரியரின் இடது கால் தனியாகக் கேட்டிருக்கும். ஸ்பேனரை என் கையில் கொடுத்து, எங்கே முடுக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுவார். முடுக்கியபின் மறுபடி தூக்கிப் போட வேண்டும். கனமாக, ஒரே சத்தமாகத் 'தொப்' என்று விழுந்தால்தான் அந்தச் சைக்கிள் சுவரோரம் போகும்.

அது 1985. எனக்கு 13 வயது. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்து, சுக்குக் கிடங்குகளில் மூட்டை தூக்கிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். செர்லாய் பக்கம் போனால் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தி. அப்பாவுக்கு என்னைக் கிடங்கில் விடப் பிடிக்கவில்லை. மூட்டை தூக்கியே அவருக்கு முதுகு போயிருந்தது. "இவன் கை வேலை கத்துக்கட்டும் இக்கா" என்று சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து விட்டார்.

கடையில் 32 சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் பின் மக்கார்டில் வெள்ளை பெயின்ட்டில் எண். மணிக்கு 50 காசு. கிடங்குக் கணக்குப்பிள்ளைகள், காலேஜ் பையன்கள், வெளி என்ற பகுதியில் இருக்கும் சலவைத்துறையிலிருந்து துணி மூட்டையோடு வீடு வீடாகப் போகும் நம் தமிழ் வண்ணார்கள், படகுத்துறைக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் வாடிக்கை. காலையில் போகும் சைக்கிள் ராத்திரி எட்டு மணிக்குள் திரும்பிவிடும். எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தால் எங்கள் உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கும். 17-க்கு இடது பெடல் கோத்தர் பின் ஆட்டம், 9-க்கு முன்சக்கரம் கோட்டம், 26-க்கு பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று இக்கா நோட்டில் மலையாளத்தில் எழுதி வைத்திருப்பார். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம்.

கொச்சிக் காற்று சைக்கிளுக்குப் பகை. கடல் ஒருபக்கம், காயல் ஒருபக்கம். ஜூனில் மழை பிடித்தால் செயினில் தடவிய எண்ணெய் இரண்டு நாள் தாங்காது. காலையில் பளிச்சென்று அனுப்பிய போக்ஸ் கம்பி அடுத்த வாரம் செம்மண் நிறத்தில் வந்து நிற்கும். ஹப்பைக் கழற்றினால் உள்ளே பால்ஸ் உப்புப் பூத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புது கிரீஸ் வைத்து, கோனை முடுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தி விடுவது ஒரு கணக்கு. முடுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம் இருக்கும். அந்த இடத்தைக் கையில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

கோட்டம் எடுப்பதற்கு இரண்டு வருஷம். இக்கா சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைப்பார். ரிம் எங்கே நகத்தை உரசுகிறதோ அங்கே வளைவு. அந்த இடத்துக் கம்பிகளை விரலால் சுண்டி ஓசை கேட்பார். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது, கீச்சென்று ஒலிப்பது அதிகமாக இழுபட்டது. பாடகர் மெஹபூப் பாடிய ஊர் இது. எங்கள் தெருக்களில் ராத்திரியானால் எங்காவது ஒரு மாடியில் தபலாவும் ஆர்மோனியமும் இருக்கும். இக்காவும் வாயில் ஏதாவது முனகிக்கொண்டேதான் கம்பி சுண்டுவார். அந்த முனகல் நின்றால் சக்கரம் நேராகிவிட்டது என்று அர்த்தம்.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. நேற்று இந்தச் சைக்கிள் என்ன பாடுபட்டது என்று இன்று காலையில் எடுக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. 30 வருஷம் கழித்து ஊட்டியில் ஒரு விடுதியின் பின்கட்டில், உறைபனி விழும் டிசம்பர் ராத்திரியில், கார்பன் சைக்கிள்களின் வரிசைக்கு முன்னால் குந்தியிருந்தபோது இந்த வாக்கியம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பல நாள் சைக்கிள் பந்தயத்தில் மெக்கானிக்கின் வேலை முழுக்க அதற்குள் அடக்கம்.

வாடகைத் தொழில் 90-களின் கடைசியில் படுத்துவிட்டது. ஆளுக்கொரு மொபெட், பிறகு பைக். இக்கா ஒவ்வொன்றாக விற்றார். கடைசி ஆறு சைக்கிளை எனக்கே கொடுத்துவிட்டு, கடைச் சாவியையும் கொடுத்தார். ஏழெட்டு வருஷம் பஞ்சர் ஒட்டியும் குழந்தைகள் சைக்கிள் பூட்டியும் ஓட்டினேன். பிறகு எறணாகுளத்தில் வேறுவகை ஆட்கள் தலைகாட்டினார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள், டாக்டர்கள், கப்பற்படையில் இருப்பவர்கள். விடியற்காலை வல்லார்பாடம் கன்டெய்னர் ரோட்டில் ஹெல்மெட்டும் விளக்குமாக வரிசையாகப் போவார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டங்களுக்குத் தயாராகிறவர்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் பின்சக்கரக் கோட்டத்தோடு பாலம் தாண்டி என் கடைக்கு வந்தார். நகத்தை வைத்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் நான்கு பேர் வந்தார்கள்.

கார்பன் என் கைக்குப் புதிது. ஆரம்பத்தில் ஒரு வாடிக்கையாளரின் சீட் தண்டைப் பழக்கதோஷத்தில் முடுக்கி, மெல்லிய விரிசல் விழ வைத்துவிட்டேன். இரும்பு சைக்கிளில் 'இன்னும் கொஞ்சம்' என்று கை கேட்கும், கொடுக்கலாம். கார்பனில் கை கேட்பதைக் கொடுக்கக்கூடாது. அந்தத் தண்டுக்குப் பணம் கட்டிய மாதமே அளவு காட்டும் டார்க் ரெஞ்சு வாங்கினேன். இப்போதும் ஹேண்டில் பாரைப் பிடிக்கும் திருகுக்கு 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால் ஐந்தில் நிறுத்துவேன், ஐந்தரைக்குப் போகமாட்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் என்னை டூர் ஆஃப் நீல்கிரிஸுக்கு அழைத்துப் போனார். பெங்களூரின் ரைட் எ சைக்கிள் ஃபவுண்டேஷன் 2008-இல் தொடங்கிய ஓட்டம் அது. பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். சுமார் 100 பேர், எட்டு நாள் கணக்கில், கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றையும் தொட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்குவார்கள். முழுக்கப் பந்தயம் என்று அதைச் சொல்ல முடியாது. சுற்றுப்பயணமாக ஓட்டிப் போகிறவர்களும் உண்டு. நடுவே சில பகுதிகளை மட்டும் பந்தயமாக வைத்து நேரம் குறிப்பார்கள். தேசிய அளவில் ஓட்டும் பையன்களும், 50 வயதில் தன்னைச் சோதித்துப் பார்க்க வந்த கண் டாக்டரும் ஒரே சாலையில் போவார்கள். எனக்கு இரண்டு பேருடைய சைக்கிளும் ஒன்றுதான்.

பல நாள் பந்தயத்தின் கணக்கு எளிது. ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் வென்றவர். ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமல் மொத்தத்தையும் வெல்லலாம். 1990-இல் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை அப்படித்தான் வென்றார். அதற்கு முந்தைய வருஷம் அதே லெமாண்ட் 3,285 கிலோமீட்டர் ஓடிமுடித்து, 8 விநாடி வித்தியாசத்தில் லொரான் ஃபிஞோனைத் தோற்கடித்தார். 8 விநாடி என்றால் கேட்பவர்கள் வியப்பார்கள். நான் அதைக் கையால் அளப்பேன். தேர்ந்த மெக்கானிக் ஒரு சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, ஓட்டுபவரின் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் நேரம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்று வார ஓட்டத்தின் முடிவு ஒரு பஞ்சருக்குள் அடங்கிவிடுகிறது.

பார்க்கிறவர்களுக்குப் பந்தயம் பகலில் நடக்கிறது. எனக்கு அது சாயங்காலம் நான்கு மணிக்குத் தொடங்கும். முடிவுக்கோட்டில் ஒவ்வொருவரிடமும் சைக்கிளை வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்பேன். "எங்கே சத்தம்?" என்ன பிரச்சினை என்று கேட்டால் களைத்துப் போனவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார். சத்தம் எங்கே என்று கேட்டால் யோசிப்பார். "இறக்கத்துல, முன்னாடி, பிரேக் பிடிக்காதப்ப" என்பார். அதில் பாதி வேலை முடிந்துவிடும். இக்காவைப் போலவே நோட்டுப் போட்டேன். எண், பெயர், சத்தம்.

பிறகு கழுவுதல். இரண்டு பக்கெட், ஒன்றில் சோப்பு நுரை, இன்னொன்றில் நல்ல தண்ணீர். முதலில் செயின். அழுக்கு நீக்கி ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே கறுப்பு போகும்வரை. பல் சக்கரங்களுக்கு நடுவே சேரும் மண்ணைத் துணிநாடாவை விட்டு இழுத்து எடுக்க வேண்டும். டிஸ்க் பிரேக் வந்தபிறகு ஒரு கட்டுப்பாடு கூடியது. அந்த வட்டத்தகட்டில் விரல் படவே கூடாது, விரலில் இருக்கும் எண்ணெய் போதும் அடுத்த நாள் இறக்கத்தில் பிரேக் வழுக்க. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு உலக சைக்கிள் சம்மேளனம் 2018-இல்தான் முழு அனுமதி கொடுத்தது. சக்கரம் மாற்றுவது அதனால் தாமதமாகிவிட்டது என்று குறைபட்ட பழைய மெக்கானிக்குகள் நிறையப் பேர். என்னைக் கேட்டால், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மழையில் இறங்கிப் பார்த்தவர்கள் அந்தக் குறையைச் சொல்லமாட்டார்கள். கார்பன் ரிம்மைப் பிரேக் கட்டை பிடித்து, அந்தச் சூட்டில் ரிம்மின் ஓரம் உப்பிப் போனதை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

கழுவி முடித்ததும் டயர். காற்றை இறக்கி, சக்கரத்தை மெல்லச் சுற்றி, கட்டைவிரலால் முழுச் சுற்றும் தடவுவேன். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துண்டு, வயரிங் கம்பித்துணுக்கு, கூர்மணல் எல்லாம் ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கும். இன்று குத்தாதது நாளைக் குத்தும். அதைத் தோண்டி எடுக்க நான் வைத்திருப்பது பஜார் ரோட்டில் மிளகு மூட்டை தைக்கும் கோணி ஊசி. நுனி லேசாக வளைந்திருக்கும். துண்டை வெளியே நெம்பும், டயரைக் கிழிக்காது. வெளிநாட்டுக் கருவிப்பெட்டிகள் பல பார்த்துவிட்டேன், இந்த ஊசிக்கு நிகராக எதையும் பார்க்கவில்லை.

எல்லாம் ஆனபின் பின்பக்கத்தைத் தூக்கி ஆறங்குலத்திலிருந்து போடுவேன். 8 கிலோ கார்பன் சைக்கிள் 'தொப்' என்று விழாது. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், மரச்செப்பை மூடுவதுபோல. அதற்குள் இன்னொரு சத்தம் ஒளிந்திருந்தால் தேட வேண்டும். ஸ்டியரிங் பேரிங் தளர்வா, பாட்டில் கூட்டின் திருகா, ஃபிரேமுக்குள் ஓடும் கேபிளா. முதல் வருஷம் என்னோடு இருந்த பெங்களூர் மெக்கானிக்குகள் விநோதமாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர்களும் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள்.

மலைக் கட்டத்துக்கு முந்தின ராத்திரிதான் கடினமானது. சமவெளிக்குப் பின்சக்கரத்தில் 28 பல் வரை போதும். மலைக்கு 32 அல்லது 34 பல் உள்ள பெரிய காசெட் மாட்ட வேண்டும். மாட்டினால் செயின் நீளம் மாறும், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லரின் எல்லைத் திருகு மாறும். ஒரு சைக்கிளுக்கு அரைமணி நேரம் வைத்தாலும் பன்னிரண்டு சைக்கிளுக்கு ஆறு மணி நேரம். தூக்கம் போனபின் கை மட்டும் வேலை செய்யும், கண் செய்யாது.

அப்படியொரு ராத்திரி மைசூரில். மறுநாள் கல்லட்டி. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பே முதல் கியரில் முனகும் இடங்கள் உண்டு. கோயமுத்தூர்ப் பையன் ஒருவன், 22 வயது இருக்கும், தன் பிரிவில் ஒரு நிமிஷத்துக்குக் குறைவான வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தான். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே "சத்தம் இல்லை" என்று எழுதியிருந்தேன். அன்று காலை சாமான் லாரியில் ஏற்றும்போது அவன் சைக்கிள் வலதுபக்கமாகச் சாய்ந்து இன்னொன்றின் மேல் விழுந்திருந்தது. ஏற்றியவன் நான்தான், கயிறு கட்டியவனும் நான்தான். தூக்கி நிமிர்த்தி, கீறல் இல்லை என்று பார்த்துவிட்டு விட்டேன். ராத்திரி ஒரு மணிக்குப் புதுக் காசெட் மாட்டி, கியர்களை மேலும் கீழும் மாற்றிப் பார்த்தேன், மாறின. தூக்கிப் போட்டேன். 'டக்.' சுத்தமான சத்தம். அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டேன்.

டீரெய்லரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். விழுந்ததில் அது உள்பக்கமாக ஓர் இழை வளைந்திருந்தது. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வாடகைக் கடையில் கியர் சைக்கிள் இருந்ததில்லை, இக்கா இதை எனக்குச் சொல்லித்தர வாய்ப்பே இருந்ததில்லை. தளர்ந்தது சத்தம் போடும். வளைந்தது வாய் திறக்காது.

ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, பையன் கடைசி கியரைப் போட்டுவிட்டு இருக்கையிலிருந்து எழுந்திருக்கிறான். உடம்பின் கனம் முழுக்கப் பெடலில் இறங்கி, சைக்கிள் இடமும் வலமும் ஆட, டீரெய்லர் கம்பிக்குள் புகுந்துவிட்டது. நான்கு கம்பி அறுந்து, ஹேங்கர் ஒடிந்து, சக்கரம் இறுகி, அவன் பக்கவாட்டில் விழுந்தான். எங்கள் வண்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது முழங்கால் ரத்தத்தைக் கையால் துடைத்துக்கொண்டு சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாற்றுச் சைக்கிள் இல்லை. அந்த ஃபிரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் வண்டியில் இல்லை.

ஒன்றே ஒன்று செய்ய முடிந்தது. மாற்றுச் சக்கரத்தை மாட்டினேன். டீரெய்லரைக் கழற்றி எறிந்துவிட்டு, செயினை வெட்டிச் சுருக்கி, முன்னால் சின்னச் சக்கரத்துக்கும் பின்னால் நடுப் பல்லுக்குமாக நேராகப் பூட்டினேன். ஒற்றை கியர் சைக்கிள். எங்கள் 17-ஆம் எண் வண்டியைப் போல. செயின் பின்னைத் தள்ளும்போது என் கை நடுங்கியது. பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. நடுப் பல்லில் கல்லட்டியை ஏறுவது என்பது ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பையே பெயர்த்து வைப்பது. அவன் ஏறினான். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் ஊட்டியில் பின்கட்டுக்கு வந்தான். "தப்பு என்னுது தம்பி" என்று சொன்னேன். லாரியில் விழுந்ததைச் சொன்னேன். பின்னால் நின்று பார்க்காததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "நாளைக்கு ஓட்டலாமாண்ணே?" என்று மட்டும் கேட்டான். அதே மாதிரி ஃபிரேம் வைத்திருந்த இன்னொருவரிடம் உபரி ஹேங்கர் ஒன்று இருந்தது. கெஞ்சி வாங்கினேன். வேறு டீரெய்லர், வேறு செயின். விடியற்காலை நான்கு மணிக்கு முடிந்தது. ஆறரைக்கு அவன் புறப்பட்டான். இழந்த நேரம் இழந்ததுதான், மீதி நாட்களில் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. ஹேங்கரின் கோணம் பார்க்கும் நீண்ட கைக் கருவியை அந்த ஓட்டம் முடிந்த வாரமே வாங்கினேன். அது இல்லாமல் இன்றுவரை ஒரு கியர் சைக்கிளையும் வெளியே விட்டதில்லை.

பிரான்ஸ் கதை ஒன்றை அந்தக் கண் டாக்டர்தான் எனக்குச் சொன்னார். 1913 டூர் டி பிரான்ஸில் ஒஜேன் கிறிஸ்டோஃப் என்பவர் பிரெனே மலையில் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன்பக்க ஃபோர்க் ஒடிந்துபோனது. அந்தக் காலத்தில் யாருடைய உதவியும் வாங்கக் கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து சான்த் மரி த காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து தானே ஃபோர்க்கை அடித்து ஒட்டினார். பந்தய அதிகாரிகள் வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அபராதமும் போட்டார்கள். அந்த வருஷம் வென்றிருக்கக்கூடியவர். டாக்டர் இதை வீரக்கதையாகச் சொன்னார். எனக்கு அந்தச் சிறுவன்தான் மனதில் நின்றான். அவன் கை பட்டது குற்றம் என்று எழுதி வைத்தார்கள். இன்று எங்களுக்கு வண்டி, வண்டிக்கு எண், அந்த எண்ணுக்குப் பந்தய வரிசையில் ஓர் இடம். முன்னணியில் இருப்பவரின் அணி வண்டி முதலில், மற்றவை அவரவர் தரவரிசைப்படி பின்னால். மெக்கானிக் பின் சீட்டில், மடியில் சக்கரத்தோடு. அந்த இடம் எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை.

2026 ஜனவரியில் புனே போனேன். ஜனவரி 19 முதல் 23 வரை அங்கே புனே கிராண்ட் டூர் நடந்தது. உலக சம்மேளனத்தின் 2.2 தரத்தில் இந்தியாவில் நடந்த முதல் பல நாள் பந்தயம் அது. முதலில் தனித்தனியாக ஓடும் சின்னத் தொடக்கச் சுற்று, பிறகு நான்கு கட்டங்கள், மொத்தம் 437 கிலோமீட்டர். எந்த அணிக்கும் வேலை செய்யப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். கடையைப் பூட்டிவிட்டு எறணாகுளத்தில் ரயில் ஏறியபோது மனைவி, "54 வயசுல சைக்கிள் பார்க்கப் போறீங்களா?" என்றாள். இப்படியொரு பந்தயம் நம் நாட்டில் வரும் என்று நான் நினைத்ததில்லை. 40 வருஷம் கையில் எண்ணெயோடு இருந்தவனுக்கு அதை ஒருமுறையாவது பக்கத்தில் பார்க்க வேண்டாமா?

சாலையோரத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு பேர் ஒரே கட்டாக வரும்போது முதலில் காற்றுதான் வந்து மோதுகிறது, அப்புறம் ஃப்ரீவீல்களின் கிரீச்சொலி, அப்புறம் நிறங்கள். பத்து விநாடியில் எல்லாம் போய்விட்டது. பின்னால் அணி வண்டிகளின் வரிசை, கூரையில் சைக்கிள்கள் தலைக்கு மேல் வெயிலில் மின்னிக்கொண்டு. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் யார் முன்னால் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிகளின் பின் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஓர் அணி தங்கியிருந்த விடுதியை விசாரித்துப் போனேன். வண்டி நிறுத்துமிடத்துக்கும் தெருவுக்கும் நடுவே கம்பி வேலி. உள்ளே தண்ணீர்க் குழாய், இரண்டு பக்கெட், நுரை. மெக்கானிக் என் வயதுக்காரராக இருக்கலாம், வெள்ளைக்காரர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஆறு சைக்கிள். செயின், துணிநாடா, டயரில் கட்டைவிரல். நான் செய்யும் வரிசையேதான். வேலிக்கு இந்தப்பக்கம் அரைமணி நேரம் நின்றேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, கறுத்துப்போன என் நகங்களைப் பார்த்து, தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கழுவிய சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கினார். ஆறங்குலம் இருக்கும். விட்டார். 'டக்'கோடு சேர்ந்து இன்னொரு சின்னச் சத்தம், உலோகத்தில் பிளாஸ்டிக் படும் சத்தம். பாட்டில் கூடு, கீழ்த் திருகு என்று எனக்குள் ஓடியது. அவர் சாவியை எடுத்து நேராக அந்தக் கீழ்த் திருகுக்குத்தான் போனார். மறுபடி போட்டார். இப்போது ஒரே சத்தம்.

அதோடு அவர் விடவில்லை. பெட்டியிலிருந்து அந்த நீண்ட கைக் கருவியை எடுத்து, டீரெய்லரைக் கழற்றி, ஹேங்கரில் பொருத்தி, ரிம்மைச் சுற்றி மேல், கீழ், முன், பின் என்று நான்கு இடத்திலும் இடைவெளி பார்த்தார். அடுத்த சைக்கிளுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும். ஆறாவதை வைக்கும்போது இருட்டிவிட்டது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.